யோங் பெங்கில் ஒரு சின்ன கம்பெனி: கூட்டரசு அரசாங்க வேலையை உங்கள் பெயரிலேயே எடுப்பது எப்படி?

கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு யோங் பெங் என்றால் ஓர் 'எக்சிட்'. சாப்பிட நிறுத்துவார்கள், பெட்ரோல் போடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். பத்து பகாட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் இந்த ஊரில் தினமும் கடை திறக்கிறவர்களுக்கு வேறொன்றும் தெரியும்: இங்கே அரசாங்கமும் ஒரு பெரிய வாடிக்கையாளர். சுகாதார கிளினிக்குக்குத் தாளும் பிரிண்டர் மையும் வேண்டும். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். போலீஸ் நிலையத்து ஏர்கோனை யாராவது கழுவ வேண்டும். 2023 மார்ச்சில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது, தண்ணீர் வடிந்த பிறகு சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது.

இந்த வேலைகளை நம்ம பையன்கள் செய்யாமல் இல்லை. செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மூன்றாவது ஆளாக. குத்தகை ஒருவர் பெயரில் இருக்கும். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். அந்த இன்னொருவர் லாரியும் புல்வெட்டும் மெஷினும் வைத்திருக்கும் உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார். வெயிலில் நிற்பது அப்பா, பில்லில் இருப்பது வேறு பெயர். பணம் மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவின் பெயரிலேயே, இல்லையென்றால் உங்கள் பெயரிலேயே, அந்தக் குத்தகையை எடுக்க முடியுமா? முடியும். ஆனால் எந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இல்லையென்றால் பதிவுக் கட்டணமும் இரண்டு வருடமும் வீணாகும்.

முதலில்: இது யாருடைய வேலை?

யோங் பெங்கில் மூன்று அரசாங்கங்கள் செலவு செய்கின்றன. யோங் பெங் மாவட்ட மன்றம், அதாவது மஜ்லிஸ் டாயேரா, குப்பை, வடிகால், சந்தை மாதிரியான காரியங்களைப் பார்க்கிறது. ஜொகூர் மாநில அரசாங்கம் ஒன்று. பள்ளி, கிளினிக், போலீஸ், கூட்டரசு சாலை எல்லாம் புத்ராஜெயாவின் கணக்கு. ஊருக்குள் போகும் முதலாம் எண் சாலை கூட்டரசு சாலை. பக்கத்துத் தாமான் சாலை அப்படி இல்லை.

இது சும்மா நிர்வாகப் பாடம் இல்லை. வேலை யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் விளம்பரம் எங்கே வரும் என்பதும் மாறும். கூட்டரசு அமைச்சுகளும் துறைகளும் பொருளையும் சேவையையும் வாங்குவது பெரும்பாலும் 'இ-பெரோலேஹான்' என்ற இணையத் தளத்தின் வழியாக. மாவட்ட மன்றம் தன் அறிவிப்புப் பலகையிலும் தன் இணையப் பக்கத்திலும் போடும். இரண்டையும் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கூட்டரசுப் பணம் எல்லாமே இ-பெரோலேஹானில் தெரியாது. தீபகற்பத்தில் கூட்டரசு சாலைகளின் பராமரிப்பு நீண்டகால உடன்பாட்டில் தனியார் சலுகை நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, துணி வெளுப்பு, கருவிப் பராமரிப்பு போன்ற ஆதரவுச் சேவைகள் 1997 முதல் இதேபோல வட்டாரவாரியாகத் தனியாரிடம் போயின. அப்படிப்பட்ட வேலைக்கு நீங்கள் அரசாங்கத்திடம் விண்ணப்பிக்க முடியாது. அந்த நிறுவனத்தின் துணைக் குத்தகையாளர் பட்டியலில்தான் சேர முடியும். "ரோட்டோரப் புல் வெட்ட டெண்டர் எப்போ வரும்?" என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் தவறான வாசலில் நிற்கிறார்கள்.

இரண்டு கதவுகள்

எஸ்.எஸ்.எம்.மில் வணிகப் பதிவு இருக்கிறது, பேங்கில் கம்பெனி கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் பதிவு செய்தால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். 'சென்டிரியான் பெர்ஹாட்' ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த கேள்வி: நீங்கள் விற்பது பொருளா, சேவையா, கட்டுமானமா?

பொருள், சேவை என்றால் நிதி அமைச்சில் பதிவு. உணவு வழங்குதல், எழுதுபொருள், துப்புரவு, கணினிப் பழுது, போக்குவரத்து எல்லாம் இதில் அடங்கும். இ-பெரோலேஹான் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பிக்கும்போது 'கோட் பீடாங்' என்ற துறைக் குறியீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஆட்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். எந்தக் குறியீட்டில் பதிவு செய்தீர்களோ அந்த வேலைக்கு மட்டுமே கொட்டேஷன் கொடுக்க முடியும். கட்டடத்துக்குள் துப்புரவு ஒரு குறியீடு, வெளி வளாகத் துப்புரவு வேறு குறியீடு என்று போகும். முதலில் போய் நான்கைந்து பழைய விளம்பரங்களைப் படியுங்கள். உங்கள் தொழிலுக்கு அலுவலகங்கள் எந்தக் குறியீட்டைக் கேட்கின்றன என்று குறித்துக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

கட்டுமானம், பழுதுபார்ப்பு, குழாய், மின்சாரம், வடிகால் என்றால் கதவு வேறு: சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பதிவு இல்லாமல் கட்டுமான வேலை செய்தாலே குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கி 1 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். குத்தகையாளர்கள் ஜி1 முதல் ஜி7 வரை வகைப்படுத்தப்படுகிறார்கள். ஜி7-க்கு வேலையின் மதிப்பில் வரம்பு இல்லை, கீழே வரவர வரம்பு குறையும், தேவைப்படும் முதலீடும் குறையும். அரசாங்க வேலைக்கு இந்தப் பதிவு மட்டும் போதாது. 'எஸ்.பி.கே.கே.' என்ற அரசாங்கப் பணிக் கொள்முதல் சான்றிதழும் சேர்த்து எடுக்க வேண்டும். முதல் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஜே.கே.ஆர். கவுன்டருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

புல்வெட்டும் தொழிலும் சாக்கடை கட்டும் தொழிலும் ஒரே குடும்பத்தில் இருந்தால்? இரண்டு பதிவும் வேண்டும்.

தொகைதான் விதியைத் தீர்மானிக்கிறது

இனி கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் வியாபாரத் திட்டமே இங்கேதான் மாறும்.

பொருள், சேவை கொள்முதலில் நீண்டகாலமாக இருக்கும் படிநிலை இது. 50,000 ரிங்கிட் வரை 'நேரடிக் கொள்முதல்'. அலுவலகம் சந்தை விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை 'செபுட் ஹர்கா', அதாவது கொட்டேஷன் முறை. பதிவு பெற்றவர்களிடம் மட்டும். 5 லட்சத்துக்கு மேல் டெண்டர். இந்த எல்லைகளைக் கருவூலம் சுற்றறிக்கை மூலம் மாற்றுவதுண்டு. கோவிட் காலத்தில் தற்காலிகமாக உயர்த்தியது ஓர் உதாரணம். அதனால் உங்கள் முன்னால் இருக்கும் விளம்பரம் சொல்வதுதான் இறுதி.

இதன்மேல் பூமிபுத்ரா விதி வருகிறது. 50,000 முதல் 1 லட்சம் ரிங்கிட் வரையிலான பொருள், சேவைக் கொள்முதல் பூமிபுத்ரா நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டது. கட்டுமானத்தில் 1 லட்சம் வரையிலான வேலைகளும் அப்படியே. 1 லட்சத்துக்கு மேல் எல்லாரும் போட்டியிடலாம், ஆனால் 1.5 கோடி ரிங்கிட் வரை பூமிபுத்ரா போட்டியாளருக்கு விலைச் சலுகை உண்டு. தொகை சிறிதாக இருந்தால் 10 விழுக்காடு, பெரிதாகப் பெரிதாக 2.5 விழுக்காடு வரை குறையும்.

எண்ணில் பார்த்தால் புரியும். பத்து பகாட்டில் ஓர் அலுவலகம் துப்புரவுச் சேவைக்கு கொட்டேஷன் கேட்கிறது என்று கற்பனை செய்யுங்கள். நீங்கள் 2 லட்சம் ரிங்கிட் போடுகிறீர்கள், அதுதான் குறைந்த விலை. பூமிபுத்ரா நிறுவனம் ஒன்று 2 லட்சத்து 15 ஆயிரம் போடுகிறது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் வேலை அவர்களுக்குப் போகலாம், அது விதிப்படியே. "விலை குறைச்சலா போட்டும் கிடைக்கல, ஏதோ உள்ளடி வேலை" என்று நீங்கள் கோபப்படும் பல இடங்களில் உள்ளடி வேலை எதுவும் நடந்திருக்காது. இந்தக் கணக்குதான் நடந்திருக்கும்.

இந்த ஏற்பாடு 1970-களின் புதிய பொருளாதாரக் கொள்கையின் வழி வந்தது. ஏற்கிறவர்களும் உண்டு, கேள்வி கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் சிறு வணிகத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. இந்தியாவில் மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தனிப் பங்கு உண்டு. அமெரிக்கக் கூட்டரசு 23 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களுக்கான இலக்காக வைத்திருக்கிறது. அங்கே கம்பெனியின் அளவு முதல் கேள்வி. இங்கே பங்குரிமை முதல் கேள்வி. அளவு ஜி-வகைகளின் வழியாக மறைமுகமாகத்தான் வருகிறது. ஓர் இந்தியச் சிறு குத்தகையாளருக்கு இதனால் வரும் சிக்கல் வித்தியாசமானது. அவருடைய அளவுக்குப் பொருத்தமான சின்னச் சின்ன வேலைகளில்தான் கதவு அதிகமாக மூடியிருக்கிறது. திறந்திருக்கும் வேலைகளுக்கோ அவரிடம் முதல் போதாது.

அப்போ நடைமுறையில் என்ன செய்வது? என் கணிப்பில், பொருளோ சேவையோ விற்கும் சிறியவருக்கு 50,000 ரிங்கிட்டுக்குக் கீழான நேரடிக் கொள்முதல்தான் முதல் படி. பள்ளி, கிளினிக், மாவட்ட அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த விலைப்பட்டியலோடும் எஸ்.எஸ்.எம். நகலோடும் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கொள்முதல் அதிகாரி விலை ஒப்பிடும்போது உங்கள் பெயரும் அவர் மேசையில் இருக்க வேண்டும். கேட்க அழகாக இல்லை, வேலை செய்யும். ஒன்றிரண்டு வருடம் நேரத்துக்குச் சப்ளை செய்த பதிவு சேர்ந்தால், 1 லட்சத்துக்கு மேலான கொட்டேஷனுக்குப் போகும்போது அனுபவம் என்ற கட்டத்தில் எழுத ஏதாவது இருக்கும். கட்டுமானக்காரர்கள் ஜி1-ஐ ஒரு பயிற்சிக் காலமாகப் பார்த்து, முதலீட்டையும் தகுதிபெற்ற ஆளையும் சேர்த்துக்கொண்டு ஜி2, ஜி3-க்கு ஏறும் திட்டத்தோடு தொடங்குவது நல்லது.

தாளில் தோற்பவர்கள்

விலையில் தோற்பவர்களைவிடத் தாளில் தோற்பவர்கள் அதிகம் என்றுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். கட்டாயத் தள வருகை இருக்கும் வேலைக்கு, குறித்த நாளில் குறித்த ஆள் போகவில்லை என்றால் கதை முடிந்தது. சான்றிதழில் பெயர் இல்லாத தம்பியை அனுப்பினாலும் அதே கதைதான். பேங்க் அறிக்கையில் கடைசி மூன்று மாத இருப்பைப் பார்ப்பார்கள். முதல் இரண்டு மாதம் 300 வெள்ளியும் மூன்றாவது மாதம் திடீரென 30,000 வெள்ளியும் இருந்தால் அதைப் படிக்கத் தெரியாத அதிகாரி இல்லை. தொழிலாளர்களுக்கு இ.பி.எஃப்., சொக்சோ கட்டியதற்கான ஆதாரம் வேண்டும். "கையில கொடுத்துடுவோம்" என்ற பழக்கம் இங்கே நேரடியாக இடிக்கும்.

முகவரிக்கும் மதிப்பு உண்டு. சிறு கொட்டேஷன்களுக்குப் பெரும்பாலும் அதே மாவட்டத்தில் உள்ளவர்களை முதலில் அழைப்பார்கள். யோங் பெங் முகவரி என்றால் நீங்கள் பத்து பகாட் மாவட்டக்காரர். லாபிஸ் பக்கத்து வேலை சிகாமாட் மாவட்டம், குளுவாங் தனி மாவட்டம். சாலையில் அரை மணி நேரம்தான், தாளில் வேறு ஊர்.

குடும்பத்தில் அரசு ஊழியர் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அக்கா ஆசிரியை, அவர் பெயரில் கம்பெனி போட்டு அரசாங்கத்துக்கே விற்கலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் வெளித்தொழில் செய்வதை 1993-ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் தடுக்கின்றன. போகப்போவது அக்காவின் வேலை.

'லைசென்ஸ் வாடகை' என்ற குறுக்கு வழி

சொல்லாமல் விட முடியாது. "உனக்கு எதுக்குப் பதிவு? என்கிட்ட சான்றிதழ் இருக்கு, வேலையை நீ செய், எனக்கு இத்தனை விழுக்காடு" என்று யாராவது சொல்வார்கள். ஊர் அறிந்த 'அலி பாபா' முறை இதுதான். வேலை முடிந்து பணம் அவர் கணக்குக்குப் போன பிறகு உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது. குத்தகையில் உங்கள் பெயர் இல்லை, அனுபவச் சான்றும் அவருக்கே. சான்றிதழை அடுத்தவருக்குக் கொடுத்தால் பதிவு ரத்தாகி அவர் கறுப்புப் பட்டியலுக்குப் போகலாம்; அந்த வேலையும் உங்களோடு சேர்ந்து நிற்கும்.

நண்பர்களோடு பேசி விலை வைப்பதும் இதே வகைதான். "இந்தத் தடவை நீ குறைச்சு போடு, அடுத்தது எனக்கு" என்பதற்கு 2010-ஆம் ஆண்டுப் போட்டித்தன்மைச் சட்டத்தில் பெயர் உண்டு: ஏல மோசடி. தேசியக் கலை, பண்பாடு, பாரம்பரியக் கழகமான அஸ்வாராவின் தகவல் தொழில்நுட்பக் கொள்முதலில் அப்படிச் செய்ததற்காக 2022-இல் 8 நிறுவனங்களுக்கு மலேசியப் போட்டித்தன்மை ஆணையமான மைசிசி 15 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதித்தது. அதிகாரிக்கு 'காப்பிக் காசு' கொடுத்தவர் உங்கள் மேற்பார்வையாளர்தான், நீங்கள் இல்லை என்றாலும் தப்ப முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் கம்பெனியையும் அதன் இயக்குநர்களையும் பொறுப்பாக்குகிறது.

வேலை கிடைத்த பிறகு

முழுமையான பில் கிடைத்த 14 நாளுக்குள் அரசாங்க அலுவலகம் பணம் கட்ட வேண்டும் என்பது கருவூல விதி. அதில் 'முழுமையான' என்ற சொல்தான் முக்கியம். டெலிவரி ஆர்டரில் ஒரு கையெழுத்து குறைந்தால் 14 நாள் எண்ணத் தொடங்காது. எனவே இரண்டு மூன்று மாதச் சம்பளத்தையும் பொருள் செலவையும் தாங்கும் பணம் இல்லாமல் பெரிய வேலையில் இறங்காதீர்கள். தெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிறது. 2024-இல் அதிலேயே 1 லட்சம் ரிங்கிட் வரை கொடுக்கும் 'ஸ்புமி கோஸ் பிக்' வந்தது. பேங்க் ரக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டமும் அதே ஆண்டில் அறிமுகமானது. குத்தகை கிடைத்த பிறகு ஓடாமல், கொட்டேஷன் போடும் முன்பே கடன் விஷயத்தை விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

புதிய சட்டம் என்ன மாற்றுகிறது?

இத்தனை காலம் அரசாங்கக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1949-ஆம் ஆண்டு அரசாங்கக் குத்தகைச் சட்டம், 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டம், அதன்மேல் கட்டுக்கட்டாகக் கருவூலச் சுற்றறிக்கைகள், அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. நிதி அமைச்சருக்கு அதில் அதிக அதிகாரம் குவிகிறது, இவ்வளவு அவசரமாக நிறைவேற்ற வேண்டுமா என்ற விமர்சனங்கள் எதிர்க்கட்சியிடமிருந்தும் பொது அமைப்புகளிடமிருந்தும் வந்தன.

யோங் பெங்கில் இருக்கும் உங்களுக்கு அதில் முக்கியமான பகுதி வேறு. போட்டியில் தோற்றவர், முடிவு விதிப்படி எடுக்கப்படவில்லை என்று கருதினால், மறுஆய்வு கேட்கவும் அதற்கு மேல் தீர்ப்பாயத்துக்குப் போகவும் சட்டம் வழி வைக்கிறது. இதுவரை தோற்ற சிறிய கம்பெனிக்கு இருந்தது பெரும்பாலும் புகார்க் கடிதமும், காப்பிக் கடைப் பேச்சும்தான். இந்த வழியைப் பயன்படுத்த உங்களிடம் தாள் இருக்க வேண்டும்: விளம்பரத்தின் நகல், நீங்கள் சமர்ப்பித்த விலை, தள வருகைப் பதிவு, முடிவு வந்த தேதி. இன்றைக்கே ஒரு கோப்பு திறந்து ஒவ்வொரு கொட்டேஷனுக்கும் இவற்றைச் சேர்த்து வையுங்கள், தோற்ற வேலைகளுக்கும்தான்.

இன்னும் மூன்றாவது ஆளாகவே இருக்கிறீர்களா?

பதிவெல்லாம் முடிய நாளாகும், அதுவரை துணைக் குத்தகைதான் சோறு போடும் என்றால், கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு சட்டத்தின் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: சி.ஐ.பி.ஏ.ஏ. 2012-இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. செய்த வேலைக்குப் பணம் தராத மேல் குத்தகையாளருக்கு எதிராக நீதிமன்றம் போகாமலேயே விரைவுத் தீர்ப்பு கேட்கலாம். வாதங்கள் சமர்ப்பித்த பிறகு 45 வேலை நாளுக்குள் தீர்ப்பாளர் முடிவு சொல்ல வேண்டும். "அரசாங்கம் எனக்குக் கட்டினாதான் உனக்குக் கட்டுவேன்" என்ற நிபந்தனை செல்லாது என்று அதன் 35-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் எழுத்துப்பூர்வமான குத்தகைக்கு மட்டும்தான். வாய்ப்பேச்சில் எடுத்த வேலைக்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. "நம்ம அண்ணன்தானே, எதுக்குத் தாள்?" என்று அப்பா சொல்லலாம். வேலை என்ன, தொகை எவ்வளவு, எப்போது பணம் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கிய பிறகு லாரியைக் கிளப்பச் சொல்லுங்கள்.